தம்பிக்குக் கேழ்வரகுப் பால்

1904, மார்கழி, வியாழக்கிழமை.

எனக்கு வெட்கம் தருவதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. தம்பிக்கு டப்பாப் பால் வாங்க, என் படிப்பை நிறுத்தி, என்னைத் துரை பங்களா வேலைக்கு அனுப்ப இருந்தார் அம்மா.

இன்று அடுத்த வீட்டு ரோசம்மாக்கா, கேழ்வரகை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சிய பாலோடு வந்தார்.

“இன்னா மரகதம், டப்பாவுக்காவப் பொண்ணு படிப்பை நிறுத்துவியா? என் புள்ளைங்க நாலும் இதைக் குடிச்சித்தான் வீட்டையே பிரிச்சிப் போடுதுங்க!” என்று அம்மாவை அதட்டினார்.

தம்பி முதல் வாயைத் துப்பினான். அவன் பசியை நினையாமல் என் புத்தகங்களையே நினைத்தேன். அக்கா வெல்லம் கரைத்து ஊட்டினார். விழுங்கிவிட்டு, இன்னும் கேட்டு வாயைத் திறந்தான்.

“காலைல பள்ளிக்கூடம் போடி,” என்றார் அம்மா.

அக்காவின் பாத்திரத்தைக் கழுவினேன். வெறும் பாத்திரம் திருப்பித் தரக்கூடாதென்று நான்கு மிளகாய் போட்டுக் கொடுத்தேன். அம்மா விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.