பூநாரை எழும்பும் நேரம்

வேதாரண்யம்
29.9.2024

அன்புள்ள சாமுவேலுக்கு,

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே சூப்பர்வைசர் இல்லை. சமையல்காரன். பஸ் ஏறும்போது டீக்கடையில் பத்துப் பேர் நின்று என்ன வேலை, என்ன வேலை என்று கேட்டார்கள். வாய் தானாகச் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டது. வழியனுப்ப வந்திருந்த நீயும் தலையாட்டினாய். கேட்டு ஆட்டினாயா, கேட்காமல் ஆட்டினாயா என்று தெரியவில்லை. எதற்கும் எழுதி வைக்கிறேன். ஊரில் யாராவது விசாரித்தால் சூப்பர்வைசர் என்றே இருக்கட்டும். வீட்டில் அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். என் சமையலை ஆறு பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னால்தான் நம்ப மறுக்கிறாள்.

நம்ம தறி முதலாளி அழகிரிசாமியின் மகள் லோகப்பிரியா பறவைப் படிப்புப் படிக்கிறாள் அல்லவா, அந்த அம்மணியும் கூடப் படிக்கிற நாலைந்து பிள்ளைகளும் இந்த ஊரில் ஒரு வீடு பிடித்திருக்கிறார்கள். விடியும் முன்னே வேனில் கோடியக்கரை போய் மெல்லிசு வலை கட்டுகிறார்கள். வடக்கே குளிர் தாங்காமல் இறங்கி வருகிற குருவிகளைப் பிடித்து, துணிப்பையில் போட்டு எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி, விட்டுவிடுகிறார்கள்.

"புடிச்சத உடறதுக்கு இத்தனை பாடா அம்மணி?" என்று கேட்டேன்.

"ஏனுங்ண்ணா, இருபத்தாறு வருசம் நெய்த துணிய நீங்க ஊட்டுக்கா கொண்டு போனீங்க?" என்றாள். நான் திரும்பி அரிசிம்பருப்புச் சோற்றைக் கிண்டினேன்.

வலை கிழிந்தால் அந்தப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். தறியில் நூல் அறுந்தால் முடி போடுகிற கை நம்முடையது. நாலு கண்ணியைக் கட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உன் மகள் மதிவதனி பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னாள். தறியைப் பழைய இரும்புக்குப் போட்ட நாளிலிருந்து அப்பா வாசலைத் தாண்டியது இன்று உங்களை வழியனுப்பத்தான், மாமா, நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். போனில் சொல்லலாம் என்றால், தறிச் சத்தம் தின்றதுபோக எனக்கு இடது காது கொஞ்சம்தான் மிச்சம், உனக்கு அதுவும் இல்லை; நீ கத்தினால் எனக்குக் கேட்காது, நான் கத்தினால் உனக்குக் கேட்காது, நடுவில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கெல்லாம் கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐப்பசியில் பூநாரை வருமாம். ஆயிரக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நிற்குமாம். எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினால் இறக்கைக்கு அடியில் இருக்கிற சிவப்பு தெரிந்து வானமே நிறம் மாறுமாம். அதை உன்னோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வா.

வருகிற வரைக்கும் உனக்கு ஒரு வேலை. இதே சமயத்தில் பட்டாம்பூச்சிகள் கிழக்கே இருந்து நம்ம ஊர் மேலாகத்தான் மேற்கு மலைக்குப் போகின்றனவாம். எண்ண ஆள் இல்லையாம். நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருத்தர் எனக்குத் தெரியும் என்று சொல்லிப்போட்டேன். மாடியில் நின்று, தண்ணித் தொட்டிக்கும் மாதா கோயில் கோபுரத்துக்கும் நடுவே பத்து நிமிடத்தில் எத்தனை தாண்டுகிறது என்று பார். தறியில் துணியை மீட்டர் மீட்டராக எண்ணியவன்தானே நீ.

இப்படிக்கு,
சூப்பர்வைசர் ராசப்பன்


கருமத்தம்பட்டி
6.10.2024

அன்புள்ள ராசப்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சூப்பர்வைசர் என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நான் வரவில்லை. பட்டாம்பூச்சி எண்ணுகிற வயதும் எனக்கு இல்லை.

மதிவதனி காது மிஷின் வாங்கி வந்தாள். மாட்டினால் குக்கர், மிக்சி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் தறி மாதிரியே கேட்கிறது. மனுசர் பேசுவது மட்டும் கேட்கவில்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போது அலமாரிக்கு நன்றாகக் கேட்கும்.

மாதா தேருக்கும் போகவில்லை. போனால் நாலு பேர் பேச வருவார்கள். ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார்கள். ரெண்டாவது தடவை சத்தமாகச் சொல்வார்கள். மூன்றாவது தடவை "ஒண்ணுமில்லீங்க" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒண்ணுமில்லீங்க மட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் சுத்தமாக விளங்குகிறது.

உப்பைக் குறைத்துப் போடு. படிக்கிற பிள்ளைகள்.

அன்புடன்,
சாமுவேல்


வேதாரண்யம்
13.10.2024

அன்புள்ள அலமாரிக்கு,

உன் காது நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ச்சி. உன் முதலாளி சாமுவேலிடம் கீழே உள்ளதைச் சொல்லிவிடவும்.

ஏப்பா, கேள். நேற்று என்னையும் தட்டிக்குக் கூட்டிப்போனார்கள். தட்டி என்றால், தண்ணீர் ஓரமாக ஓலையில் ஒரு மறைப்புக் கட்டி ஓட்டை விட்டிருப்பார்கள். உள்ளே உட்கார்ந்து பறவையைப் பார்க்க வேண்டும். பேசக்கூடாது. தும்மக்கூடாது. சத்தம் கேட்டால் எல்லாம் பறந்துவிடும். ரெண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகள் பேச்சு வராமல் துடித்தார்கள் பார், ஒருத்தன் நோட்டில் எழுதிக் காட்டுகிறான், ஒருத்தி கையைக் காலை ஆட்டுகிறாள். ஒன்றும் விளங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தறிச் சத்தத்தில் வாயை மட்டும் அசைத்து, கையைக் காட்டி, இருபத்தாறு வருசம் நாம் பேசாத பேச்சா? உன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்த கதையை, ஒரு சத்தமில்லாமல், ஒரு ஷிப்ட் முழுக்க நீ எனக்குச் சொன்னாய். பழக்கத்தில், லோகப்பிரியா தட்டிக்குள் நுழைந்ததும் நான் மீசையை முறுக்கிக் காட்டிப்போட்டேன். முதலாளி வருகிறார் என்பதற்கு நாம் வைத்திருந்த சாடை. மற்ற பிள்ளைகள் நான் அவளை மிரட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். வெளியே வந்து, "அது உங்க அப்பனுக்கு வெச்ச சாடை, அம்மணி" என்று விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒன்று தோன்றியது. நான் எதிரே ஆள் இருக்கிற நினைப்பில் வாயை அசைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உள்ளான் குருவி ஒன்று ஓடுகிறது பார், கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை பார் என்று. படிக்கத்தான் ஆளில்லை. என் வாயைப் படிக்கத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். அவன் கருமத்தம்பட்டியில் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தட்டிக்குள் ரெண்டு ஸ்டூல் போட்டிருக்கிறேன். ஒன்றில் நான் உட்காருகிறேன். ஒன்றில் வெந்நீர் பிளாஸ்க் உட்காருகிறது. பிளாஸ்க் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பட்டாம்பூச்சி எண்ணினாயா? லோகப்பிரியா தினமும் கேட்கிறாள். எண்ணுகிறார் என்று ரெண்டு தடவை பொய் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவைக்கு நம்பர் வேண்டும்.

அன்புடன்,
ராசப்பன்


கருமத்தம்பட்டி
22.10.2024

அன்புள்ள ராசப்பனுக்கு,

நூற்றுப் பதினேழு.

உன் பொய்யைக் காப்பாற்றத்தான் மாடிக்குப் போனேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. ரெண்டாம் நாள் காலை வெயில் ஏறியதும் ஒன்று தாண்டியது, பின்னால் நாலு, அப்புறம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது. கறுப்பு இறக்கையில் வெளிர்நீலப் புள்ளி. அவிநாசிப் பக்கம் இருந்து வந்து கோயமுத்தூர்ப் பக்கம் போகின்றன. பஸ்ஸுக்கும் அதே ரூட்டுத்தான். ஆனால் இவை ஒன்றையொன்று முந்துவதில்லை. இருபத்தாறு வருசம் வெள்ளைக் காடாத் துணியையே பார்த்த கண், ராசப்பா. கண்ணைக் கசக்கிக் கசக்கி எண்ணினேன். மறுநாள் இருநூற்று ஆறு. மழை பெய்த அன்று ஒன்றுமில்லை. தேதி போட்டுத் தனியாக எழுதி இதில் வைத்திருக்கிறேன். அம்மணியிடம் கொடு.

மதிவதனி காபி கொண்டுவந்தாள். எண்ணுவதை விட முடியாமல், கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்து, பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்தேன். காபி, அங்கே வை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதையும் இன்னும் ரெண்டு மூன்று தறிச் சாடைகளையும் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் படிக்கட்டில் நின்றுகொண்டு அவளே ரெண்டு விரலை வெட்டிக் காட்டினாள், நூல் அறுந்துபோச்சு என்று. வீட்டில் எந்த நூலும் அறுந்துபோகவில்லை. அவள் கைக்குப் படிந்த சாடை அது ஒன்றுதான். இருந்தாலும் தறி போன இந்த எட்டு மாதத்தில், உன்னைத் தவிர, கத்தாமல் என்னிடம் பேசியது அவள்தான்.

ஆனாலும் வர முடியாது. உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பயம். திருச்சியில் பஸ் மாற வேண்டும். எந்த பஸ் என்று யாரிடம் கேட்பது? கேட்டாலும் சொல்லுகிற பதில் எனக்கு ஏறாது. மூன்று தடவை கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்று போய்விடுவார்கள். நான் அங்கேயே நிற்பேன். மதிவதனிக்கு லீவு கிடையாது.

பூநாரை வந்துவிட்டதா?

அன்புடன்,
சாமுவேல்


வேதாரண்யம்
28.10.2024

அன்புள்ள சாமுவேலுக்கு,

வந்துவிட்டது. முதலில் நாற்பது. இப்போது தூரத்தில் தண்ணீரில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருக்கிறது. இன்னும் எழும்பவில்லை. நீ வராமல் எழும்பக்கூடாது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் நம்பரைப் பார்த்து லோகப்பிரியா குதித்தாள். "உங்க பிரண்டு மாதிரி சுத்தமா யாருமே எழுதறதில்லீங்ண்ணா" என்றாள். நான் சமைத்ததற்கு ஒரு நாளும் அவள் குதித்ததில்லை.

திருச்சிக்கு வருகிறேன். நாகப்பட்டினம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில், வெள்ளைத் தலைப்பாகையோடு, பெஞ்சின் மேல் ஏறி நிற்பேன். நீ இறங்கிய இடத்திலேயே நில். யாரிடமும் எதையும் கேட்காதே. சுற்றிப் பார். தறிக்கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நம் பேச்சு எட்டவில்லையா? திருச்சி பஸ் ஸ்டாண்டு அதைவிட ஒன்றும் பெரிசில்லை.

நீ பயம் என்று எழுதியதால் நானும் சொல்கிறேன். தறியைத் தூக்கிப்போன பிறகு எனக்கு ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்தத் தெருவழியாகப் போனால் காதில் ஒன்றுமே இல்லாதது பெரிய சத்தமாக இருந்தது. அதற்காகத்தான் இங்கே கரண்டி பிடிக்க வந்தேன். இதை உன்னிடம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

தேதி எழுது.

ராசப்பன்


கருமத்தம்பட்டி
2.11.2024

ராசப்பா,

ஏழாம் தேதி காலை பஸ். பெஞ்சில் ஏறாதே, விழுந்து தொலைவாய்.

சாமுவேல்


கருமத்தம்பட்டி
16.11.2024

அன்புள்ள ராசப்பனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். திரும்பும்போது திருச்சியில் தனியாகவே பஸ் மாறினேன். கண்டக்டரிடம் எழுதிக் காட்டினேன். அவரும் எழுதிக் காட்டினார். அவர் கையெழுத்து உன்னுடையதைவிட மோசம்.

வந்த அன்று உன்னைப் பார்த்ததை மதிவதனியிடம் சொன்னேன். அத்தனை பஸ், அத்தனை ஜனம், நடுவில் பெஞ்சின் மேல் நின்று நீ "தார்ல நூல் தீந்துபோச்சு, மாத்து" என்று கை காட்டுகிறாய். நான் இந்தப் பக்கம் நின்று "உன் தறிய நீ பாரு" என்று காட்டுகிறேன். பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என் பையைத் திறந்து பார்த்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அந்த அஞ்சு நாளில் நான் பேசியது அஞ்சு வருசப் பேச்சு இருக்கும். தாடை வலிக்கிறது. இங்கே இப்போது சாயங்காலம் டீக்கடைக்குப் போகிறேன். டீக்கடைக்காரருக்கு நாலு சாடை சொல்லிக் கொடுத்தாயிற்று. சர்க்கரை கம்மி என்பதற்கு ஒன்று புதிதாகக் கண்டுபிடித்தோம். மிஷினை அலமாரியிலிருந்து எடுத்தேன். மதிவதனி முன்னால் ஒரு மணி நேரம், அவளுக்காக.

ஒரே ஒரு குறை. உன் பூநாரை. அஞ்சு நாளும் ஒற்றைக் காலில் நின்றதைத்தான் பார்த்தேன். அதை அன்னூர்க் குளத்துக் கொக்கே செய்யும். அடுத்த புரட்டாசியில் பட்டாம்பூச்சிக் கணக்கை முடித்துவிட்டு வருகிறேன். அவை எழும்புகிற வரைக்கும் அங்கேதான் இருப்பேன். என் ஸ்டூலை எடுத்துவிடாதே.

அன்புடன்,
சாமுவேல்


வேதாரண்யம்
24.11.2024

அன்புள்ள சாமுவேலுக்கு,

உன் ஸ்டூல் பத்திரமாக இருக்கிறது. பிளாஸ்க்கை அதில் உட்கார விடுவதில்லை. முகாம் அடுத்த வாரம் முடிகிறது. நானும் ஊருக்கு வந்துவிடுவேன். டீக்கடையில் என்னைச் சமையல்காரன் என்றே சொல்லிவிடு. சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பூநாரை விசயமாக ஒரு தகவல்.

நேற்றுக் கடுகு மடிக்கக் காகிதம் தேடும்போது லோகப்பிரியாவின் நோட்டு அகப்பட்டது. கண்ணாடியைப் போட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். பதினொன்றாம் தேதி, நீ ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, நாம் கடைசியாகத் தட்டியில் உட்கார்ந்திருந்தோம் அல்லவா. தறியில் நின்ற மாதிரியே ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரே ஸ்டூலைத் திருப்பிப் போட்டிருந்தோம். எனக்குத் தண்ணீர் முதுகுப்பக்கம். உனக்கு நேர் எதிரே. ஆனால் நீ என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு மிச்சமிருக்கிற இடது காதும் குளிருக்காகத் தலைப்பாகைக்குள் இருந்தது.

லோகப்பிரியாவைக் கேட்டேன். அவள் அந்தப் பக்கம் கரைமேல் நின்றிருக்கிறாள். சத்தம் போடக்கூடாது என்கிற சட்டத்தைத் தானே மீறி ரெண்டு தடவை கூப்பிட்டாளாம்; நாம் திரும்பவில்லை, நீ ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லையாம். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறாள்:

"காலை 6.42. பூநாரை, சுமார் நாலாயிரம், தட்டிக்கு முன்னாலிருந்து ஒன்றாக எழும்பி தட்டிக்கு மேலாகப் பறந்து தெற்கே சென்றன. நேரம் நாலு நிமிடம். வானம் தெளிவு. இடத்தில் இருந்தவர்கள்: மூவர். பார்த்தவர்: ஒருவர்."

அந்த நாலு நிமிடமும் நாம் பேசிக்கொண்டிருந்தது, பூநாரை எப்போது எழும்பும் என்பதைப் பற்றி.

இப்படிக்கு,
ராசப்பன்