பதினெட்டுப் பச்சை இலைகள்

வியாழன், மாதக் கடைசி

இன்று கடையில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள். ஆனாலும் மனசு சரியில்லை.

எங்கள் டைல்ஸ் கடைக் கணினிகளில் இந்த மாதம் பசுமை மென்பொருள் ஒன்று போட்டிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் கணினி தானாகத் தூங்கிவிடும். மிச்சமாகும் கரண்டுக்கு ஏற்ப அவரவர் பெயருக்கு நேரே பச்சை இலை விழும். எனக்குப் பதினெட்டு இலை. பாறசாலைக் கிளையில் நான்தான் முதல். முதலாளி ஒரு செம்பருத்திக் கன்றைக் கையில் கொடுத்தார், எல்லோரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் அவரே தனியாகக் கூப்பிட்டார். "மக்கா, கம்ப்யூட்டர் இவ்வளவு நேரம் ஒறங்குனா நீ சீட்டுல இல்லேன்னுதானே அர்த்தம்? எங்க போயிருந்த?"

"குடோன்ல ஒடஞ்ச டைல்ஸ் எண்ணிட்டு நின்னேன் சாரே. நீங்க சொல்லித்தானாக்கும் போனேன்."

"செரி செரி, சும்மா கேட்டேன்" என்று சிரித்தார். சும்மா கேட்கிறவர் அதை ஏன் எழுதிக்கொண்டார்?

பக்கத்து சீட் ஸ்டெல்லா அக்காவுக்கு ஓர் இலைகூட இல்லை. தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிவரப் போகும்போதும் அவள் கணினி தூங்காது. காரணம் இன்றுதான் கண்ணில் பட்டது. மவுஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம் வைத்திருக்கிறாள். முள் ஓட ஓட, யாரோ மவுஸை அசைப்பதாகக் கணினி நினைத்துக்கொள்கிறது.

அப்படியானால் இந்த இலைகள் எதைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்கு முதலிலேயே தெரியும். என்னிடம் ஏன் சொல்லவில்லை? அவள்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்பாவின் பழைய வாட்சைத் தேடியெடுத்துச் சாவி கொடுத்தேன். ஓடுகிறது.