இடது என்றும் வலது என்றும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா, இங்கு அனைவரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் அடித்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடிக்கும்வரை வீட்டுக்குப் போன் செய்யாதே.

ஸ்கேன் ரிப்போர்ட் தப்பாம், நீ வர வேண்டாம் என்று அப்பா உன்னிடம் சொன்னாராம். நீயும் கிடைத்த லீவை ரத்து செய்யப் போகிறாயாம். அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். தம்பி, ரிப்போர்ட் தப்பில்லை. தப்பு என்று இந்த வீட்டில் முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். ஏன் சொன்னேன் என்று யோசித்தால் எனக்கே புரியவில்லை.

என் வேலை உனக்குத் தெரியும். டாக்டர்கள் எழுதியதைப் படித்து, எந்த நோய்க்கு எந்தக் குறியீடு என்று கம்ப்யூட்டரில் போடுவது. "யாரோ எழுதினதுக்கு நம்பர் போட்டு சம்பளம் வாங்குறே" என்று கிண்டல் செய்வாயே, அதேதான். சிகிச்சை முடிந்து, மிச்சம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிவிட்டால், அந்தப் புற்றுநோயை 'முன்பு இருந்தது' என்கிற பிரிவுக்கு மாற்றிவிடுவோம். நுரையீரல் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா மறுபடி பைப் ரெஞ்சைத் தூக்கிக்கொண்டு குழாய் வேலைக்குக் கிளம்பிய அன்றே, நான் மனதுக்குள் அவரையும் அங்கே மாற்றிவிட்டேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

இப்போது வந்த ஸ்கேனில் அட்ரினல் சுரப்பியில் கட்டி என்றிருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி வைத்த மாதிரி இருக்குமே, அதுதான். சிறுநீரகம் என்று காதில் விழுந்ததும் சித்தப்பா, "அண்ணனுக்கு என் கிட்னியில ஒண்ணு எடுத்துக்கட்டும், ரெண்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்" என்று அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாத குறைதான். அது கிட்னி இல்லை என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மா இன்னும் கிட்னி என்றுதான் சொல்கிறாள்.

ரிப்போர்ட்டில் மேலே ஒரு வரியில் இடது பக்கம் என்றிருந்தது. கீழே, முடிவு எழுதுகிற இடத்தில், வலது பக்கம் என்றிருந்தது. எங்கள் வேலையில் இடதுக்கு ஒரு குறியீடு, வலதுக்கு வேறு. இப்படி முரணாக வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். பெரும்பாலும் டைப் அடித்ததில் பிழை என்று பதில் வரும். அந்தப் பழக்கத்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போதே, "இதுல தப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் என்பதில் மட்டும்தான் தப்பு என்று அடுத்த வாக்கியத்தில் சொன்னேன். அதை யார் காதில் வாங்கினார்கள்? அம்மா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அப்பா என் தலையில் கை வைத்து, "படிக்க வச்சது வீண் போகலை" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் அதே பாட்டு. நர்ஸிடம், டாக்டரிடம், எடை பார்க்கிறவரிடம் எல்லாம், "என் பொண்ணு இதே வேலைதான் பாக்குறா, தப்பைப் பிடிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரத்தம் எடுக்க அவரையும் அம்மாவையும் வெளியே அனுப்பிய பிறகு நான் டாக்டரிடம் கேட்டேன், இடதா, வலதா என்று. அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ரெண்டும்தான்மா. எழுதினவங்க சேர்த்து எழுதலை. நுரையீரல்ல இருந்ததுதான் ரெண்டு பக்கமும் பரவியிருக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன். இடதுக்கு ஒரு குறியீடு, வலதுக்கு ஒரு குறியீடு, இரண்டையும் போட வேண்டும் என்று மனது பாட்டுக்கு வேலையை முடித்துக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே. அப்பா உப்பு அதிகமாகக் கேட்கிறாரா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று டாக்டர் கேட்டார். அந்தச் சுரப்பி கெட்டால் அப்படி ஆகுமாம். ஆமாம். சாப்பாட்டில் உப்பே இல்லை என்று தினமும் சண்டை, அம்மா கோபித்துக்கொண்டு டப்பாவையே அவர் முன்னால் வைத்துவிடுகிறாள். கட்டியைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது என்றார் டாக்டர். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றிய ஒரே கேள்வி இடதா, வலதா.

வெளியே அப்பா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தப்புதானே?" என்றார். "டாக்டர் பாத்துட்டு இருக்காருப்பா" என்றேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்துவிட்டார்.

இப்போது மாடி வீட்டுக் குழாயைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதற்கு என்று கேட்டால், சும்மா என்கிறார். ரிப்போர்ட் தப்பு என்று நம்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார், அந்தச் சிரிப்பை நானே போய்க் கெடுக்கவா, டாக்டரே சொல்லட்டும் என்று விட்டுவிடவா, ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவள் முகமே அப்பாவிடம் சொல்லிவிடும். சித்தப்பாவிடம் சொல்வதும் தெருவுக்கே சொல்வதும் ஒன்று. ஆபீஸில் அந்தச் சுரப்பியின் பெயர் வருகிற நோயாளி சார்ட்டையெல்லாம் பக்கத்து சீட்டுக்காரிக்குத் தள்ளிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதுடா.

டாக்டர் எழுதாததை நாமாக எழுதக் கூடாது என்பது எங்கள் தொழில். அவர் நாள் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். லீவை மட்டும் ரத்து செய்யாதே. செய்துவிட்டாயானால் மேலதிகாரி காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு. ஏன் வந்தாய் என்று அப்பா திட்டினால் திட்டட்டும், வாங்கிக்கொள். நீ பக்கத்தில் இருந்தால் அவரிடம் சொல்லிவிடுவேன், தனியாக என்னால் முடியாது. பெல் அடித்தால் அவரே எழுந்து வந்து கதவைத் திறக்கிற நாட்களிலேயே வந்துவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பத்திரமாக வந்து சேர்.

உன் அக்கா