கரையில் தூக்கிய கை

சேலம், அம்மாபேட்டை
8–3–1937

சௌபாக்கியவதி பாவாயிக்கு, உன் அத்தை அங்கம்மாள் மனமார ஆசி கூறி எழுதுவது.

இங்கே நானும் உன் புருஷன் கந்தவேலும் சௌக்கியம். உன் தாயாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனாய். இன்றோடு இருபது நாள். உன்னை அழைத்து வரப் போன கந்தவேல் நேற்றுத் தனியாகத் திரும்பி வந்தான். கேட்டால், "இன்னுங் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்மா" என்கிறான். காரணம் அவனுக்கே தெரியவில்லை என்று அவன் முகம் சொல்கிறது.

வெள்ளிக்கிழமை நம் மாதர் சங்கம் கூடியது. தை அமாவாசைக்கு நாம் பதினொரு பேரும் ராமேசுவரம் போய் நீராடி, மறுநாள் மண்டபத்தருகே கடற்கரைப் பாறைகளைச் சுற்றிப் பார்த்தோமே, அதைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கடல் வற்றியதும் பாறைக் குழிகளில் தங்கும் நீரில் அத்தனை உயிர்கள் இருக்கும் என்பதை வராதவர்கள் நம்பவே இல்லை. கான்வெண்டில் படித்தபோது கன்னியாஸ்திரீ ஒருவர் ஜாடியில் வைத்துக் காட்டிய செத்த நட்சத்திர மீனை, உயிரோடு காண ஐம்பது வருஷம் காத்திருந்தேன் என்று எழுதியிருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பெருமாயி மட்டும் தட்டவில்லை. சங்கத்துக் காரியதரிசிக்கு அழகா இது?

சென்னைப் பத்திரிகை ஒன்று சித்திரை இதழில் இதைப் போடுகிறது. பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது. உன்னைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்: "எங்களில் ஒருத்தி, நீர் ஏறியதால் பாறையில் சற்றுத் தாமதப்பட்டாள். பதறாமல் நின்றதால் தீங்கு ஒன்றும் நேரவில்லை." பெயர் போடவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு முன் வந்துவிடு. உன் போன கடிதத்தில் தேதியே இல்லை. இனி அப்படி எழுதாதே.

அங்கம்மாள்


குமாரபாளையம்
15–3–1937

அத்தை அவர்களுக்குப் பாவாயியின் வணக்கம்.

அம்மாவுக்கு வலி தேவலை. நேற்றிலிருந்து தானே ஆற்றுக்குப் போய் வருகிறாள். ஆகவே அதைச் சாக்குச் சொல்ல எனக்கு மனமில்லை.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அந்தக் குழிகளின் நிறத்தை எல்லாம் கண்ணில் நிற்கிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னைப் பற்றிய வரி சரியில்லை, அத்தை. உச்சி வெயிலில் அந்தப் பாறையில் ஏறியவள் நான். வெயில் சாய்ந்த பிறகுதான் இறங்கினேன். இதற்குச் "சற்று" என்று பெயரா?

நான் விளையாட்டாகப் போகவில்லை. "எனக்குக் கண் எட்டலை, கடைசிப் பாறையில இருக்கான்னு நீ போய்ப் பார்த்துச் சொல்லு" என்று நீங்கள்தான் அனுப்பினீர்கள். மணல் காய்ந்து கிடந்தது. நடந்து போனேன். நட்சத்திர மீன் இருந்தது. "இருக்குதுங்க அத்தே, அஞ்சு வெரலு!" என்று நான் கத்தியபோது நீங்கள் சிறுபிள்ளை மாதிரி சிரித்தீர்கள். கல்யாணமாகி இந்த நாலு வருஷத்தில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இன்னும் இருக்கிறதா என்று அடுத்த குழியையும் தேடினேன். திரும்பிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் தண்ணீர்.

நான் ஆற்றில் நீந்துகிறவள். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடவில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். சிப்பி காலைக் கிழித்தது. மறுபடி ஏறி நின்றேன். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறிக்கொண்டே வந்தது. அப்போது மூன்று பேர் படகைத் தள்ளிக்கொண்டு பாதி தூரம் வந்தார்கள். "பயப்படாத தாயி, தூக்கியாந்துர்றோம்" என்று ஒருவர் கத்தினார். நீங்கள் கரையிலிருந்து கையைத் தூக்கினீர்கள். படகு நின்றது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்களிடம் என்ன சொன்னீர்கள், அத்தை? அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் பஸ் ஏற முடியவில்லை. இதை உங்கள் மகனிடம் நான் சொல்லவில்லை.

பாவாயி


சேலம், அம்மாபேட்டை
2–4–1937

சௌபாக்கியவதி பாவாயிக்கு ஆசீர்வாதம்.

முதலில் நல்ல சேதிக்கு என் சந்தோஷம். நேற்று உன்னைப் பார்த்துவிட்டு வந்த கந்தவேல், நீ உண்டாகியிருக்கிறாய் என்றான். எனக்கு நீயே எழுதியிருக்கலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம்தான். ஆனால் உங்கள் ஊரில் பழைய மருத்துவச்சியை விட்டால் யார் இருக்கிறார்கள்? இங்கே எனக்குத் தெரிந்த நர்ஸ் அம்மாள் வீட்டுக்கே வருவாள். பிரசவம் இங்கேதான். உன் தாயாருக்கும் எழுதுகிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நான் பவானியில் பிறந்தவள். காவிரியில் வெள்ளம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து வளர்ந்தவள். காலையில் படியை மூழ்கடித்த தண்ணீர், மத்தியானம் படியைக் காட்டிவிடும். ஒரு மணி நேரம் பொறுத்தால் வழி திறக்கும் என்று நினைத்தேன். "பொறுங்கள், தண்ணீர் இறங்கிவிடும்" என்றுதான் படகுக்காரர்களிடம் சொன்னேன்.

வந்தவர்களோ கோவணத்தோடு நின்ற ஆண்கள். ஈரப் புடவையோடு உன்னைத் தோளில் தூக்கி வருவார்கள். அதைப் பார்க்க ஒன்பது பெண்கள். ஒன்பது வாயும் அம்மாபேட்டையில் சும்மா இருக்குமா? இந்த வீட்டு மருமகளின் மானத்தை நான் காத்தேன். அதற்கு நன்றி கேட்கவில்லை, கணக்குக் கேட்காமல் இருந்தால் போதும். தண்ணீர் இறங்காது என்று தெரிந்ததும் நானே அவர்களைத் திரும்ப அழைத்தேன். நீயும் பத்திரமாக வந்து சேர்ந்தாய்.

கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் உன் அண்ணன் வேலுசாமியோடு புறப்பட்டு வா.

அங்கம்மாள்


குமாரபாளையம்
11–4–1937

அத்தை அவர்களுக்கு வணக்கம்.

பதில் எழுதியதற்கு நன்றி. நீங்கள் எழுதாமலே விட்டுவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன்.

தண்ணீரைப் பற்றி நீங்கள் நினைத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. நாம் எல்லோரும் ஆற்றங்கரைக்காரர்கள். கடல் போய்விட்டுத் திரும்பி வரும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை. ஆனால் என் இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்தபோது நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மரியாதை மறந்துவிட்டது. "அங்கம்மா, அங்கம்மா" என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பார்வை எட்டாதுதான். காது கேட்குமே.

மாமியார் திட்டுகிற வீட்டில் நான் இருந்துவிடுவேன், அத்தை. இருந்தும் இருக்கிறேன். என் பயம் வேறு. ஐப்பசிக்கு முன்னால் எனக்கு நோவு எடுக்கும். நர்ஸ் அம்மாள் வருவாள், சரி. அவளே கையை விரித்து, "இது என்னால ஆகாது, டாக்டரைக் கூட்டியாங்க" என்றால்? சேலத்தில் வருகிற டாக்டர் ஆண்தானே? அவர் வாசலில் வந்து நின்றால், நான் உள்ளே கிடந்து கூப்பிட்டால், அன்றைக்கும் நீங்கள் கையைத் தூக்குவீர்களா?

தூக்கமாட்டேன் என்று எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டு, தேதியும் போடுங்கள். மறுநாளே வருகிறேன். நீங்கள் எழுதினால் அது பொய்யாக இருக்காது.

பாவாயி


சேலம், அம்மாபேட்டை
3–5–1937

பாவாயிக்கு.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆயிற்று. நான்கு தாள்களைக் கிழித்தேன்.

நான் எழுதினால் பொய்யாக இருக்காது என்றாய். என் போன கடிதத்தில் பொய் இருக்கிறது. படகை நான் திரும்ப அழைக்கவில்லை, பெருமாயி அழைத்தாள். நீ என்னைக் கூப்பிட்டது எல்லோருக்கும் கேட்டது. அவள் என்னிடம் வந்து, "ஏனுங்க்கா, மானம் நனஞ்சா காய வெச்சுக்கலாம். புள்ள முழுகிப் போனா எங்க கொண்டு போய்க் காய வெப்பீங்க?" என்றாள். நான் "சும்மா இரு" என்றேன். அவள் சும்மா இருக்கவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினாள். படகு வந்தது.

தண்ணீர் இறங்கும் என்று நினைத்ததும் முதல் அரைமணி நேரம்தான். அதற்குப் பிறகு அது இறங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தூக்கிய கையை இத்தனை பேர் முன்னால் எப்படி இறக்குவது என்று உட்கார்ந்திருந்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கட்டுரை அந்த வரியோடுதான் வெளிவந்திருக்கிறது. திருத்தம் எழுதி அனுப்பினேன். போடுவார்களோ மாட்டார்களோ. வெள்ளிக்கிழமை சங்கத்தில் அந்தத் திருத்தத்தை நின்றுகொண்டு வாசித்தேன். என் சங்கத் தலைமையைப் பெருமாயியிடம் கொடுத்துவிட்டேன். "இதுக்காக நான் தண்ணியில எறங்கலீங்க" என்று அவள் அழுதாள்.

உன் கடிதங்களைக் கந்தவேலிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அம்மா, அன்னைக்கு அந்தப் பாறையில நின்னது நானா இருந்தா?" என்று கேட்டான். உடனே அழைத்திருப்பேன் என்று வாய்வரை வந்தது. அவன் அதைக் கேட்க நிற்கவில்லை.

இனி நீ கேட்ட உறுதி. "தூக்கமாட்டேன்" என்றுதான் முதல் தாளில் எழுதினேன். கிழித்துவிட்டேன். அந்த நிமிஷம் வரும்போது நான் யாராக இருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அறுபத்துநாலு வயதில் கற்ற பாடத்தை நம்பி உன்னையும் உன் பிள்ளையையும் என் வீட்டில் கிடத்த நான் ஒப்பமாட்டேன். ஆகவே நீ வரவேண்டாம். உன் தாயாரிடமே இரு. கந்தவேல் நாளை அங்கே வருகிறான். குழந்தை பிறக்கும்வரை அங்கேயே இருப்பான். இங்கே அவன் கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நோவு கண்டால் எந்த டாக்டரைக் கூப்பிடுவது என்று கேட்டு எனக்கு ஆள் அனுப்பாதே. யார் கிட்டே இருக்கிறாரோ அவரைக் கூப்பிடு. எல்லாம் முடிந்த பிறகு, உனக்கு மனமிருந்தால், ஒரு வரி எழுது.

அங்கம்மாள்