முதலில் விழுபவர் வாழைக்காய் உரிக்க வேண்டும்

பெரெய்ரா, ஞாயிறு மாலை

அன்பு மகன் எதெருக்கு,

இங்கே நான் நலம், உன் தங்கை லெய்டியும் நலம், நீ விட்டுப்போன டிரோனின் நான்கு இறக்கைகளில் மூன்றும் நலம். மாட்ரிட் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இரு. ஒன்று சொல்வேன், கோபப்படக் கூடாது. ரிமோட்டின் குச்சியை எவ்வளவு அசைத்தால் டிரோன் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று மூன்று வருடமாகத் திருத்தித் திருத்தி எண்கள் போட்டு வைத்திருந்தாயே, அவற்றை அழித்துவிட்டேன்! நகல்கூட எடுக்கவில்லை. என்ன செய்ய, நம் மைதானத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, பந்தயத்தில் முதலில் விழுபவர்தான் எல்லோருடைய சூப்புக்கும் வாழைக்காய் உரிக்க வேண்டும். ஏழு வாரமாக நான்தான், விரலெல்லாம் கறை. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒபிதியோ, "ஏம்மா மாரிசெல், டிரோன் எதுக்கு சுமக்குற, நேரா கத்தியோட வந்துடேன்" என்கிறார். ரோஷம் வராதா?

இணையத்தில் ஒரு சாம்பியன் பையன் வீடியோவில் தன் எண்களைப் போட்டிருந்தான், அப்படியே ஏற்றிவிட்டேன். ஐயோ எதெர், நான் மூச்சு விட்டதற்கே அது கரணம் அடித்தது! ஒபிதியோவின் தொப்பியைக் கவ்விக்கொண்டு மாமரத்தில் ஏறிவிட்டது. லெய்டி, "அம்மா, அண்ணனுக்குத் தெரிஞ்சா நீ காலி" என்றாள். அந்த வீடியோவைப் பதினோராவது முறை பார்க்கும்போதுதான் கவனித்தேன், அவன் உன்னைப் போல இரண்டு விரலால் குச்சியைப் பிடிக்கிறான், நானோ கட்டைவிரலால் மட்டும் தள்ளுகிறேன். என் கட்டைவிரல் சும்மாவே ஆடும். அதனால் குச்சி நடுவில் இருக்கும்போது மந்தம், ஓரத்துக்குப் போனால் வேகம் என்று, வேலை முடிந்து வந்ததும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன்.

இன்று மூன்றாவது வளையத்தில் இடித்து முதலில் விழுந்தது யார் தெரியுமா? ஒபிதியோ! நான் ஆறு பேரில் நாலாவது!! "யார் குடுத்த நம்பர்மா அது?" என்றார். "என் கட்டைவிரல் குடுத்தது, நீங்க காய உரிங்க" என்றேன்.

உன் எண்களை அழித்தது என் தப்புதான். டிரோனில் எண்கள் வைக்க மூன்று இடம் இருக்கிறதல்லவா, என்னுடையதை இரண்டாவதற்கு மாற்றிவிட்டேன், முதல் இடம் காலி. டிசம்பரில் வந்து உன் விரலாலேயே நிரப்பு. கடவுள் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. வரும்போது இறக்கை ஒரு ஜோடி வாங்கி வா. கத்தியைத் தீட்டி வைக்கிறேன், உனக்குத்தான்.

முத்தங்களுடன்,
உன் அம்மா மாரிசெல் (நாலாவது இடம்)