அப்பா சொல்லிவைத்தது

மதுரை
9-9-1983

சிரஞ்சீவி ஹரிநாராயணனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். பெருமாள் புண்ணியத்தில் நான் சௌக்கியம், அப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், மறதி மட்டும்தான் கூடிக்கொண்டு போகிறது. நீயும் மருமகளும் பம்பாயில் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பாவை அங்கே அழைத்துப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று எழுதியிருந்தாய். உன் மனசுக்கு என் கண்ணே பட்டுவிடும். ஆனால் அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. ஆவணி அவிட்டத்துக்கு வந்த உன் அத்தை, செருப்பைக் கழற்றுமுன்னே அண்ணே நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்டாள். முடியாதவரைப் பார்க்க வந்தால் பரீட்சை வைக்காமல் போக மாட்டார்களே நம் ஜனங்கள். அப்பா திருதிருவென்று விழித்தார், வேர்த்துப்போனார், அன்று முதல் வாசலில் ஆள் சத்தம் கேட்டாலே அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார். பயந்துபோய் நம் தெரு டாக்டரம்மா ஸ்யாமளாவிடம் ஓடினேன்.

அந்தப் புண்ணியவதி வீட்டுக்கே வந்தார். இது குணமாகிற நோய் இல்லம்மா, அவருக்குச் சொல்லத் தெரியும்போதே என்ன வேணும்னு கேட்டு வச்சிருவோம் என்று, என்னை விட்டுவிட்டு அப்பாவையே கேட்டார். அப்பா நம் சௌராஷ்டிர பாஷையில் சொல்லச் சொல்ல நான் டாக்டரம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். ஊரை விட்டு எங்கேயும் வேண்டாமாம், உள்ளே வைத்துப் பூட்டவும் கூடாதாம். அதனால் சட்டைப் பையில் விலாசம் தைத்திருக்கிறேன், முக்குக்கடை மொக்கைச்சாமியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் அவன்தான் கைபிடித்துக் கூட்டிவந்தான், அய்யா சும்மா காத்து வாங்க வந்தாகம்மா, வையாதீக என்று எனக்கே புத்தி சொன்னான். ஜவுளிக்கடையில் சேலை மடித்த கை சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டரம்மா துணி மடிக்கக் கொடுக்கச் சொன்னார், இப்போது நம் வீட்டுக் கரித்துணிகூட விற்பனைக்கு வைத்த மாதிரி இருக்கிறது போ. எனக்கும் மத்தியானத் தூக்கம் வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிவிட்டார், அந்த நேரம் அத்தை வந்து அப்பாவோடு உட்காருகிறாள், பரீட்சை கிடையாது. என் தூக்கத்தைப் பற்றி இதுவரை யார் கேட்டார்கள்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசியாக அப்பா உன்னைப் பற்றிச் சொன்னார். ஹரி வரும்போது எனக்கு அவனைத் தெரியாமல் போகலாம், நான் யாருன்னு அவன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், பேரைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டும் என்றார். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, டாக்டரம்மாவும் அவசரப்படுத்தவில்லை.

இன்றைக்குக்கூட ஹரி எப்போ வாரான் என்று கேட்டார். தீபாவளி வரை காத்திராதே, லீவு கிடைத்ததும் புறப்படு. மீனாட்சி உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வாசலில் நுழையும்போதே, அப்பா, நான் ஹரி வந்திருக்கேன் என்று நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
பத்மாசினி