ஏழு மீனும் வெள்ளைத் தர்பூசணியும்

தெய் மாதம் 5
குளிர்காலம் பிறந்து ஐந்தே நாளில் முற்றத்துத் தொட்டியின் மேற்பரப்பு முழுக்க உறைந்துவிட்டது. ஏழு மீனும் அடியில் கிடக்கின்றன. கொதிநீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டிமேல் வைத்து, கை நுழையும் அளவுக்குத் துளை உருக்கினேன். அது திறந்திருக்கும்வரை அவற்றின் மூச்சுக்குப் பயமில்லை.

முற்றத்தின் மறுபக்க வீட்டு ஜன்னலிலிருந்து தங்கை மஹ்லகா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. ஐந்து நாள் முன், ஆண்டின் மிக நீண்ட இரவுக்குத் தர்பூசணி வெட்டும் யல்தா விருந்தில் பத்துப் பேர் முன்னால், "அக்கா வாங்கின தர்பூசணியா இது? சுரைக்காய் மாதிரி வெள்ளையா இருக்கு" என்று சிரித்தாளே. அன்றோடு பேச்சு நின்றது. அவளாக வரட்டும்.

தெய் 9
துளையை மூடிப் பழைய கம்பளம், மேலே பலகை. அவள் வேலைதான். எடுத்துப் போட்டேன்.

தெய் 10
மறுபடியும் போர்த்தியிருக்கிறாள். அவள் கணவர் நவ்சர் தூது வந்தார்.

"அக்கா, மீனுக்குக் குளிருமாம். கம்பளத்தை எடுக்க வேணாம்னு சொல்லச் சொன்னா."

"மூச்சு முட்டினா பரவாயில்லையாமா? கேட்டுட்டு வாங்க."

"நடந்து நடந்து என் செருப்புதான் தேயுது" என்று போனவர் திரும்பி வரவில்லை.

தெய் 17
நான் எடுக்க, அவள் போர்த்த. ஒரு வாரம் போயிற்று.

தெய் 28
மூன்று நாளாகக் காய்ச்சல். நிற்க முடியவில்லை. துளை மூடியிருக்கும். நவ்சரிடம் சொல்லியனுப்பலாம் — சொல்லவில்லை. என்ன பிடிவாதம் இது? அங்கே ஏழு உயிர் கிடக்குது, நான் இங்கே ஒரு தர்பூசணியைக் கட்டிக்கிட்டு அழறேன்.

பஹ்மன் மாதம் 1
காலையில் டொக் டொக்கென்று சத்தம். எழுந்து பார்த்தால், இறைச்சி மசிக்கும் இரும்புக் குழவியால் மஹ்லகா பனிக்கட்டியை அடிக்கிறாள். ஒவ்வொரு அடியும் மீன் தலையில் இடியாக இறங்குமே. ஜன்னலைத் திறந்தேன்.

"அடிக்காதேடி, செத்துப்போயிடும்."

ஒரு மாதத்தில் முதல் பேச்சு. குழவியோடு அப்படியே நின்றாள்.

"துளை மூடிக்கிச்சு. நீயும் வெளியே வரலை. நான் வேற என்னதான் பண்ண?" குரல் உடைந்திருந்தது.

"கொதிநீர்ப் பாத்திரத்தை வை."

வைத்தாள். உருகியதும் பார்த்தால், இருப்பதிலேயே பெரியவன், வாயோரம் வெள்ளைத் தாடி வைத்த எங்கள் ஹாஜி, பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கிறான். அவள் மேலா குற்றம்? நான் முன்பே வாயைத் திறந்திருந்தால் அவள் குழவியை எடுத்திருக்கவே மாட்டாள்.

பஹ்மன் 2
ஹாஜி அப்படியேதான். மஹ்லகா எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள்.

"துளை?"

"ரெண்டு தரம் உருக்கிட்டேன். பேசாம குடி."

பஹ்மன் 4
ஹாஜி நிமிர்ந்துவிட்டான்.

எஸ்பந்த் மாதம் 24
குளிர்காலம் முடியப் போகிறது; பனிக்கட்டி முழுதும் கரைந்தது. இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எண்ணினோம். ஆறு. மறுபடி எண்ணினோம், ஆறுதான். பிறகு தாடியோடு மெதுவாக மேலே வந்தான் ஹாஜி. மஹ்லகா தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தெற்கிலிருந்து வந்த முதல் தர்பூசணி, தானே தட்டிப் பார்த்து வாங்கியது என்று பெருமையாக எடுத்துவந்து வெட்டினாள். உள்ளே வெள்ளை.

பக்கத்தில் நின்ற நவ்சர் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவள் என்னையே பார்த்தாள்.

இரண்டு துண்டு சாப்பிட்டேன். மூன்றாவதும் கேட்டு வாங்கினேன்.